ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு

மதுராந்தகத்தில் எங்கள் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமைகளில் அம்மா போடுவது இருதய கமலம். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் வரிசைக்கு ஐந்து புள்ளி. பிறகு ஏதோ ஒரு புள்ளியில் ஆரம்பித்து, ஒரு வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்குத் தாவிக்கொண்டே போவார். கை எடுக்காமல் சுற்றிச் சுற்றி வந்து, ஆரம்பித்த இடத்திலேயே முடியும். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது அவர் வாய்க்குள் முணுமுணுப்பதைச் சுலோகம் என்று நினைத்திருந்தேன். அது எண்கள். ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு. மறுபடியும் ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு.

முதல் வரிசையில் 1ஆம் புள்ளி, அடுத்த வரிசையில் 4ஆம் புள்ளி, அதற்கடுத்ததில் 2, பிறகு 5, பிறகு 3. ஆறாவது வரிசையில் மீண்டும் 1. எட்டு வரிசை முடிந்து முதல் வரிசைக்குத் திரும்பும்போது 5ஆம் புள்ளியில் நிற்போம், 1இல் அல்ல. அதனால்தான் கோடு மூடிக்கொள்ளாமல் மேலே போகிறது. 8க்கும் 5க்கும் பொது வகுத்தி 1 மட்டும்தான். எனவே 40 தாவலுக்கு முன்னால் அது மூடிக்கொள்ள முடியாது, 40 புள்ளியையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். இதையே பத்து வரிசை வைத்துப் போட்டால் பத்தே தாவலில் கோடு மூடிக்கொள்ளும், ஒரு கோலத்துக்கு ஐந்து தனித்தனிக் கோடு தேவைப்படும். இதை நான் பைத்தானில் எழுதி, ஓட்டிப் பார்த்து, பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். "பத்து வரிசைக்கு யாருடா போடுவா? சேராது" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஐந்து எண்கள் ஒரு நிரல். படம் அல்ல, படத்தை உண்டாக்கும் கட்டளை. இந்த வித்தியாசம் கணினி அறிவியலுக்குள் கோலம் வந்த கதையிலேயே ஒரு பெரிய திருப்பம். எங்கள் ஊரில் இருந்து ரயிலில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், தாம்பரத்தில் நடந்த கதை அது. வேலைக்குப் போன வருடங்களில் தினமும் தாம்பரம் ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கிறேன். பிஇ படிப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க முறைசார் மொழிகள் படித்து, சாம்ஸ்கியின் படிநிலையை மனப்பாடம் செய்து பாஸும் ஆனேன். அந்தப் பாடத்தில் தாம்பரத்தின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

கதையைச் சாம்ஸ்கியிடமிருந்தே ஆரம்பிக்கலாம். 1956இல் நோம் சாம்ஸ்கி மொழிகளுக்கான இலக்கணங்களைக் கணித வடிவில் எழுதினார். ஒரு குறியை எடு, அதை வேறு குறிகளால் மாற்று, மாற்ற முடியாத குறிகள் மட்டும் மிஞ்சும்வரை தொடர். இந்த எளிய விளையாட்டில் எந்த வகை விதிகளை அனுமதிக்கிறோம் என்பதைப் பொறுத்து, எவ்வளவு சிக்கலான வாக்கியங்கள் பிறக்கும் என்பது முடிவாகிறது. அவருக்கு நோக்கம் மனித மொழி. ஆனால் சில வருடங்களுக்குள் நிரல்மொழி செய்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று நாம் எழுதும் ஒவ்வொரு நிரலையும் கம்பைலர் படிப்பது இந்த வழியில்தான்.

வாக்கியம் ஒரு பரிமாணம் உள்ளது. ஒரு சொல்லுக்கு அடுத்து இன்னொரு சொல். படம் அப்படி அல்ல. மேலும் உண்டு, கீழும் உண்டு. படத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா என்ற கேள்வி 1960களின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. அதை முதலில் கேட்டவர்களில் ஒருவர் ஆர். நரசிம்மன். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் டிஃப்ராக் கணிப்பொறியைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இலினாய்ஸில் இருந்த வருடங்களில், அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் குமிழித் தடங்களின் புகைப்படங்களை இயந்திரம் எப்படிப் 'படிப்பது' என்று யோசித்தபோது, படத்தை ஒரு மொழியின் வாக்கியமாகப் பார்க்கும் வழியை முன்வைத்தார். இன்னொருவர் ரஸல் கிர்ஷ். 1957இல் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாக்கிக் கணிப்பொறிக்குள் ஏற்றிய அதே மனிதர். 1964இல் அவர் செங்கோண முக்கோணங்களை உண்டாக்கும் ஓர் இருபரிமாண இலக்கணத்தை எழுதிக் காட்டினார்.

இந்த இடத்தில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வருகிறது. கிஃப்ட் சிரோமணி அங்கே புள்ளியியல் பேராசிரியர். ராணி சிரோமணி கணிதத்துறை. கணவன் மனைவி. இவர்களோடு கமலா கிருத்திவாசன். பிற்காலத்தில் ஐஐடி மெட்ராஸில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். மூவரும் சேர்ந்து 1972, 1973, 1974 என்று அடுத்தடுத்து மூன்று முக்கியமான கட்டுரைகளை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டில் இருந்த கணிப்பொறிகளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370 வந்ததே 1973இல்தான். இவர்கள் செய்த வேலைக்கு இயந்திரம் தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம். பேப்பரும் பேனாவும் போதும். வாசலில் கோலம் இருந்தது.

1972 கட்டுரையின் யோசனையை ஒரு துணி நெய்பவரை வைத்து விளக்கலாம். முதலில் குறுக்கே ஒரு வரிசைக் குறிகளை ஓர் இலக்கணத்தால் உண்டாக்கு. பிறகு அந்த வரிசையின் ஒவ்வொரு குறியில் இருந்தும் கீழ்நோக்கி ஒரு நிரலை வளர்த்துக்கொண்டு வா. எல்லா நிரல்களும் ஒரே சமயத்தில், ஒரு படி ஒரு படியாக வளரும். ஒரே சமயத்தில் நிற்கும். முடிவில் குறிகளால் ஆன ஒரு செவ்வகம் கிடைக்கும். இதைத்தான் இன்று உலகம் முழுக்க இந்தத் துறையில் 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்' என்கிறார்கள்.

அழகான யோசனை, ஆனால் ஓர் ஓட்டை உண்டு. இதனால் சதுரம் போட முடியாது. அதாவது எந்த அளவிலும், அகலமும் உயரமும் சமமாக இருக்கும் படங்களை மட்டும் உண்டாக்கு என்றால் முடியாது. காரணம், நிரல்கள் எத்தனை இருந்தாலும் நிரல்களின் வகை எண்ணிக்கை வரம்புக்குட்பட்டது. குறுக்கு வரிசை பத்தாக இருந்தாலும் பத்தாயிரமாக இருந்தாலும், கீழே வளரும் எந்த நிரலுக்கும் அகலம் எவ்வளவு என்று தெரியாது. எப்போது நிற்பது என்பதை அது தன் சொற்ப ஞாபகத்தை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த நிரூபணத்தை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாளில் போட்டுப் பார்த்தேன், இரண்டு பத்திதான். ஆனால் அந்த இரண்டு பத்தி, கோலத்தைப் பற்றி ஒன்று சொல்கிறது. கோலங்கள் பெரும்பாலும் சதுரமாகவே வளர்கின்றன. புள்ளி கூடினால் அகலமும் உயரமும் சேர்ந்தே கூட வேண்டும்.

1973, 1974 கட்டுரைகள் இந்த இடத்துக்குத்தான் வருகின்றன. ஒரு குறியை ஒரு குறியால் மாற்றாமல், ஒரு முழுச் செவ்வகத்தால் மாற்று. இருக்கும் படத்தின் மேலேயும் கீழேயும் இடமும் வலமும் வரிசைகளை ஒட்டிக்கொண்டே போ. மூன்றாவது கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் வந்துவிட்டது. கோலங்களைப் புள்ளியாலோ பெயராலோ பிரிக்காமல், அவற்றை உண்டாக்க எவ்வளவு வலுவுள்ள இலக்கணம் வேண்டும் என்பதை வைத்துப் பிரித்தார்கள்.

'நம் முன்னோர்கள் அன்றே கம்ப்யூட்டர் சயின்ஸ் தெரிந்து வைத்திருந்தார்கள்' என்று மார்கழிக்கு மார்கழி வாட்ஸ்அப்பில் ஒன்று வரும். அந்தக் கட்டுரைகள் சொல்வது அது அல்ல. கோலத்துக்குப் பின்னால் சாம்ஸ்கி ஒளிந்திருக்கவில்லை. சாம்ஸ்கியின் கருவி கோலத்துக்குப் போதவில்லை, அதனால் கருவியைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இது பெருமையடிப்பதைவிடப் பெரிய விஷயம் என்பது என் கட்சி.

அதே 1974இல் கிஃப்ட் சிரோமணியின் பெயர் இன்னொரு புத்தகத்திலும் இருக்கிறது: மைக்கேல் லாக்வுட், பி. தயானந்தன் ஆகியோருடன் எழுதிய மாமல்லபுரம் ஆய்வுகள். அதற்கு முன்பே மாமல்லபுரச் சிற்பங்களின் உடை, நகைகளை மட்டும் வைத்து ஓர் ஆய்வு செய்திருந்தார். பிற்பாடு அச்சுத் தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறிக்கு அடையாளம் காட்டும் வேலை, பிராமி எழுத்து, சிந்துவெளிக் குறியீடுகள். ஒரே மனிதர். சிற்பத்தின் இடுப்பில் துணி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்தவருக்கு, வாசலில் மாவு எப்படி ஓடுகிறது என்பதும் கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு கிளை. 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர், செடிகளும் பாசிகளும் வளர்வதை விளக்க வேறு மாதிரி ஒரு மாற்று விளையாட்டைத் தொடங்கினார். சாம்ஸ்கியின் முறையில் ஒரு சமயத்தில் ஒரு குறியைத்தான் மாற்றுவோம். இவர் முறையில் எல்லாக் குறிகளும் ஒன்றாக மாறும், செல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பிரிவது மாதிரி. கனடாவில் பிரஷெமிஸ்லா புருஸின்கீவிச் 1980களில் இதோடு லோகோ ஆமையைச் சேர்த்தார். லோகோ தெரியும்தானே? 'முன்னே போ, வலது திரும்பு' என்றால் திரையில் கோடு போட்டுக்கொண்டு நகருமே, அந்த ஆமை. அவர் வரைந்து காட்டிய உதாரணங்களில் ஒன்று 'கிருஷ்ணரின் கொலுசு' என்ற கோலம். அதை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

ந என்றால் ஓரடி நட. தி என்றால் நின்ற இடத்தில் வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு. க என்பது வெறும் வளரும் மொட்டு, நடக்காது, திரும்பாது. சற்றுச் சாய்ந்து 45 டிகிரியில் நின்றுகொண்டு, 'க தி க' என்று ஆரம்பி. ஒரே ஒரு விதி: க வரும் இடமெல்லாம் 'க ந க தி க ந க' என்று மாற்று.

முதல் சுற்றில் 4 நடை, ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு சாய்சதுரம். இரண்டாம் சுற்றில் 20 நடை, 5 புள்ளி. நடுவில் ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று. கோல நோட்டு பாஷையில் சொன்னால் சிக்குக் கோலம், நேர்ப்புள்ளி, 3-1. அடுத்தது 84 நடை, 21 புள்ளி. அதற்கடுத்தது 340 நடை, 85 புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய கோலம் அப்படியே நான்கு பிரதி எடுக்கப்பட்டு, நடுவில் ஒரு புது புள்ளியைச் சுற்றி நாலு நடையால் கோக்கப்படுகிறது. எத்தனை முறை வளர்த்தாலும் ஒரே கோடு. விதியை உற்றுப் பார்த்தால் இது ஏன் என்று தெரிந்துவிடும்: 'க தி க' என்பதே ஒரு முழுக் கோலம், அதை 'ந' போட்டு நாலு முறை வட்டமாகக் கோத்தால் அடுத்த கோலம்.

மூன்றாம் சுற்றுப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். எட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ஏழு-ஒண்ணு மாதிரி இருக்கு. ஆனா ஏழு-ஒண்ணுன்னா இருபத்தஞ்சு புள்ளி. நாலு எங்கடா?" எண்ணிப் பார்த்தேன். 7-1 என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. என் படத்தில் 1, 3, 3, 7, 3, 3, 1. ஐந்து வரவேண்டிய இரண்டு வரிசையிலும் இரண்டிரண்டு புள்ளி காணோம். இலக்கணம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. அந்த நாலு இடத்தில் அதற்குப் புள்ளியே கிடையாது. நான் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் கவனிக்காத ஓட்டையை அவர் மூன்று விநாடியில் சொன்னார். ஏனென்றால் அவர் படத்தைப் பார்க்கவில்லை, புள்ளியை எண்ணினார்.

இனி நான் சொல்ல வந்த திருப்பம். இணையத்தில் கோலமும் கணினியும் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1974 கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள். சிரோமணிகள் நிற்கவில்லை. பத்து வருடம் கழித்துக் கோலத்துக்குத் திரும்பி வந்தார்கள். இந்த முறை முடிந்த படத்தில் இருந்து ஆரம்பிக்கவில்லை. கோலம் போடும் கையில் இருந்து ஆரம்பித்தார்கள். படத்தைச் செவ்வகமாக அடுக்கி வளர்க்கும் இலக்கணம் படத்தைச் சரியாகத் தரும். ஆனால் வாசலில் குனிந்து நிற்கும் பெண் அப்படி வளர்ப்பதில்லை. மேல் வரிசை முடித்துக் கீழ் வரிசைக்கு வருவதில்லை. கோட்டோடு போகிறாள்.

கோட்டோடு போனால் எத்தனை வகை அசைவு தேவைப்படும்? ஏழு. இதைக் 'கோல அசைவுகள்' என்று வகுத்தார்கள். ஒரு புள்ளியின் பக்கத்தில் வரும் கோடு நான்கில் ஒன்றைத்தான் செய்ய முடியும். நேராகப் போய்விடலாம். கால்வட்டம் திரும்பலாம். அரைவட்டம் அடித்து வந்த திசைக்கே திரும்பலாம். அல்லது புள்ளியை முக்கால்வட்டம் சுற்றி, தான் வந்த கோட்டையே வெட்டிக்கொண்டு வெளியேறலாம். நேர் என்பது ஒன்று. மற்ற மூன்றுக்கும் இடம், வலம் என்று இரண்டு. ஆக ஏழு. ஏழு சொற்கள் கொண்ட ஒரு மொழி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வாக்கியத்துக்குத் தொடக்கம் முடிவு உண்டு. மூடிய கோட்டுக்குக் கிடையாது. எந்தப் புள்ளியில் ஆரம்பித்தாலும் அதே கோலம்தான். அதனால் சரம் போதாது, வளையமாக மூடிக்கொண்ட சரம் வேண்டும். அஸ்ரியல் ரோஸன்ஃபெல்டின் வட்ட இலக்கணங்கள் என்ற கருத்தை எடுத்துக் கம்பிக் கோலத்துக்குப் பொருத்தினார்கள். அந்தக் கட்டுரைகளில் ஒன்று, டி. ராபின்சினுடன் சேர்ந்து எழுதியது, 1989இல் ஒரு நினைவு மலரில் வந்தது. நினைவு மலர் கிஃப்ட் சிரோமணிக்கே. 1988இல் 55 வயதில் அவர் இறந்துவிட்டார். மலரின் தொகுப்பாசிரியர், குமிழித் தடங்களோடு இந்தத் துறையைத் தொடங்கி வைத்த அதே ஆர். நரசிம்மன். ராணி சிரோமணி அதன் பிறகும் முப்பது வருடம் இருந்தார். பொதுச்சாவி மறையாக்கம், டிஎன்ஏ கணிப்பு என்று போய்க்கொண்டே இருந்தார். 2019இல் காலமானார்.

ஏழு அசைவு மொழியில் அந்த 3-1 கோலத்தை எழுதிப் பார்த்தேன். ஆமைக்கு 20 நடையும் அதற்கிடையில் ஏகப்பட்ட திருப்பங்களும் தேவைப்பட்ட கோலம் அது. இங்கே: நேர், முக்கால் வலம். நேர், முக்கால் வலம். நேர், முக்கால் வலம். நேர், முக்கால் வலம். அவ்வளவுதான். இரண்டு சொல், நாலு தடவை.

இது தற்செயல் அல்ல. கோலத்தைக் கால்வட்டம் திருப்பினால் அதே கோலமாக இருந்து, அது ஒரே கோடாகவும் இருந்தால், அந்தக் கோட்டின் அசைவுகள் கட்டாயமாக ஒரே சொற்றொடர் நான்கு முறை திரும்ப வருவதாகத்தான் இருக்கும். திருப்பும்போது கோடு தன் மேலேயே கால்பங்கு நகர்ந்து உட்கார வேண்டும், வேறு வழி இல்லை. ஆகவே எவ்வளவு பெரிய கோலமானாலும் கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது கால்வாசிதான். இருதய கமலத்துக்கு அந்த ஐந்து எண்கள் மாதிரி.

இதையெல்லாம் நான் கிளற ஒரு காரணம் உண்டு. அம்மாவின் கோல நோட்டு. அதன் பின்பாதி ஆயா சொல்லிச் சொல்லி அம்மா வரைந்து வைத்தது. ஒரு மழையில் வீடு ஒழுகி, அலமாரியில் இருந்த நோட்டில் சில பக்கங்கள் ஊறிவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய தலைப்பு நின்றது. ஸ்கெட்ச்சில் போட்ட கோலங்கள் கரைந்துவிட்டன. ஒரு பக்கத்தில் 'சிக்கு 7-1' என்று மட்டும் இருக்கிறது. ஆயா மார்கழி முதல் நாள் போடுகிற கோலமாம் அது. ஆயா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அந்தக் கோலம் ஞாபகம் இல்லை. "அவங்க போடுறப்ப பாத்துட்டே இருப்பேன். நோட்டுல இருக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

7-1 என்ற தலைப்பு எவ்வளவு தகவல்? 25 புள்ளிகளில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே 36 இடைவெளி. ஒவ்வோர் இடைவெளியிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டலாம், அல்லது வெட்டாமல் விலகலாம். 2ஐ 36 முறை பெருக்கினால் 6,871 கோடி. அதில் ஒன்று ஆயாவுடையது.

ஆனால் நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அப்படியென்றால் 36 இடைவெளியும் நாலு நாலாகச் சேர்ந்து 9 முடிவுகளாகிவிடும். 2ஐ 9 முறை பெருக்கினால் 512. ஆறாயிரத்துச் சொச்சம் கோடியில் இருந்து 512க்கு. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுத்து, ஆயா கை எடுக்கவே மாட்டார் என்பது அம்மாவின் இரண்டாவது சாட்சி. 512ஐயும் ஒவ்வொன்றாகக் கோட்டோடு நடந்து பார்த்து, ஒரே கோடாக இல்லாதவற்றைத் தள்ளும்படி நிரல் எழுதினேன். ஒரே கோடு வருமா வராதா என்பதற்கு ஒரு பகுதி விடை எளிது. முதலில் 25 புள்ளியைச் சுற்றியும் 25 தனி வட்டம். இரண்டு வேறு வட்டங்களுக்கு நடுவே ஒரு வெட்டு வைத்தால் அவை ஒரே கோடாகும். 24 வெட்டுகளை எங்கும் வளையம் வராமல், மரத்தின் கிளைகள் மாதிரி வைத்தால் நிச்சயம் ஒரே கோடு. வளையம் வந்தால் சில சமயம் ஒரே கோடு, சில சமயம் இல்லை. அதற்கு நடந்து பார்க்கத்தான் வேண்டும்.

மிஞ்சியதை அச்செடுத்து எடுத்துப் போனேன். தாளைத் தாளாகப் புரட்டிவிட்டு "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று கீழே வைத்துவிட்டார். நானும் சிரோமணிகள் முதலில் செய்ததையே செய்திருக்கிறேன்: படத்தை நீட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் படத்தை விட்டுவிட்டு ஒவ்வொன்றின் கால்பங்குச் சொற்றொடரை மட்டும் எடுத்தேன். மரம் மாதிரிக் கோலமென்றால் 24 வெட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை கடக்க 48 அசைவு, அதில் கால்பங்கு 12. நான் வாசிக்க, அம்மா சிமெண்ட் தரையில் வெறும் விரலால் போட்டுப் பார்த்தார். முதல் நாள் நான் 'இடம், வலம்' என்று ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்து வாசித்ததைக் கேட்டுச் சலித்துக்கொண்டார். "அதை ஏன்டா சொல்லிட்டிருக்க? ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கம் போனா அடுத்த புள்ளிக்கு அந்தப் பக்கந்தான். அது தெரியாமலா கோலம் போடுவாங்க?" நிரலில் சரிபார்த்தேன். உண்மைதான். வெட்டைத் தாண்டும்போது வலப்பக்கம் இருந்த புள்ளி போய், அடுத்த புள்ளி இடப்பக்கம் வரும்; எப்போதும். ஆரம்பத்தில் எந்தப் பக்கம் என்று ஒருமுறை சொன்னால் போதும், மொழி ஏழு சொல்லில் இருந்து நாலு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. நேர், கால், அரை, முக்கால்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. சிலவற்றில் பாதியிலேயே விரல் நின்றது. "இது இல்ல. இங்க கை போகாது." சிலவற்றை முழுக்கப் போட்டுவிட்டு "நல்லா இருக்கு, ஆனா அவங்க போட்டது இல்ல" என்றார். ஒன்றைப் போடும்போது மட்டும், நான் கடைசி மூன்று சொல்லை வாசிப்பதற்கு முன்பே விரல் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தார். மறுபடி போட்டார். பிறகு இன்னொன்றும் அதே மாதிரிப் போனது. இரண்டுக்கும் வித்தியாசம் சின்னதுதான்.

"இந்த ரெண்டுல ஒண்ணு" என்றார். எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஆயாவே மாத்தி மாத்திப் போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனார்.

நோட்டில் கரைந்துபோன பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. 'சிக்கு 7-1' என்று எழுதி, இரண்டு கோலத்தையும் அம்மா வரைந்தார், இந்த முறை பேனாவில். கீழே பன்னிரண்டு பன்னிரண்டு சொற்களை இரண்டு வரியாக நான் எழுதினேன்.